சாலையோரம் 200 கன்று நட வேண்டும்: எந்த மரம் நல்லது?

#1 நிழல்வழி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, பக்கத்தில் உள்ள சாலையின் இரு ஓரமும் மரம் நடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். நீளம் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். இப்போது பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. மதியத்தில் அந்த வழியாக நடந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போவது ஒரு தண்டனை. 200 கன்றுகள் இலவசமாகத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். சாலை நடுவே சென்டர் மீடியன் இருக்கிறது. அதில் புதர்ச்செடி வைக்கலாமா என்றும் ஒரு யோசனை.

வெயில் கடுமையான இடம். மழை ஆண்டில் நான்கு மாதம் பெய்தால் அதிகம். அது தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

கேள்வி ஒன்றுதான். சீக்கிரம் வளர்ந்து நல்ல நிழல் தரும் மரம் எது? பெயர்களைச் சொன்னால் கன்று தருபவரிடம் பட்டியலைக் கொடுத்துவிடுவேன்.

#2 பச்சைக்கிளி

வேம்பு, புங்கன், பூவரசு. கண்ணை மூடிக்கொண்டு நடுங்கள். வாழ்த்துகள்!

#3 கடப்பாரை

கண்ணைத் திறந்துகொண்டு நடுங்கள் என்று நான் சொல்வேன். பச்சைக்கிளி சொன்ன மூன்றும் நல்ல மரங்கள்தான், அதில் சண்டை இல்லை. ஆனால் மரத்தின் பெயர் கடைசியாக வர வேண்டிய கேள்வி. முதலில் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள்:

மேலே என்ன இருக்கிறது? மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு உயரத்தில்?

கீழே என்ன இருக்கிறது? குடிநீர்க் குழாய், சாக்கடை, தொலைபேசிக் கேபிள்?

தார் முடியும் இடத்துக்கும் அடுத்த சுவருக்கும் நடுவில் வெறும் மண் எத்தனை அடி? அது மண்தானா, இல்லை சாலை போட்டபோது கொட்டிய ஜல்லியும் இடிபாடுமா? ஒரு கடப்பாரையை எடுத்துப் போய்ப் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள்.

இடம் யாருடையது? அனுமதி வாங்கிவிட்டீர்களா? சாலையை அகலப்படுத்தும் திட்டம் ஏதாவது கிடப்பில் இருக்கிறதா? எட்டு வருடம் வளர்த்த மரத்தில் ஒரு நாள் காலை, வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்பு எண் எழுதியிருப்பதைப் பார்க்கிற வேதனை எனக்குத் தெரியும். எழுதியவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கடைசியாக, தண்ணீர் யார் ஊற்றுவார்கள்?

#4 நிழல்வழி

விரிவான பதிலுக்கு நன்றி ஐயா. கிழக்குப் பக்கம் முழுக்க மின்கம்பி போகிறது. மேற்குப் பக்கம் கம்பி இல்லை, ஆனால் மழைநீர் வடிகால் இருக்கிறது. வடிகாலுக்கும் தாருக்கும் நடுவில் சில இடத்தில் 2 மீட்டர் மண் உண்டு, சில இடத்தில் 1 மீட்டர்கூட இல்லை. கடப்பாரை போட்டுப் பார்த்தேன். பத்தில் நான்கு இடத்தில் 'டங்' என்று சத்தம்தான் வந்தது. அனுமதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், வாய்மொழியாகச் சரி என்றார்கள்.

தண்ணீருக்கென்ன, மழைக்காலத்தில்தானே நடுகிறோம்?

#5 கடப்பாரை

வாய்மொழி போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிடுவோம். மழை நின்ற பிறகு, முதல் வருடக் கன்று ஒன்றுக்கு ஒரு தடவைக்கு 20 லிட்டராவது வேண்டும். வாரம் இரண்டு தடவை. 200 கன்றுக்கு ஒரு தடவைக்கு 4,000 லிட்டர். 10 லிட்டர் வாளியில் 400 வாளி. நீங்கள் பத்துப் பேர். தலைக்கு 40 வாளி, அதுவும் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தூக்கிக்கொண்டு. வாரம் இரண்டு முறை, எட்டு மாதம். அடுத்த வருடம் கொஞ்சம் குறையும், மூன்றாவது வருடம் இன்னும் குறையும். நட்ட மரம் தன் காலில் நிற்க மூன்று கோடையாவது ஆகும்.

அசோகர் சாலை ஓரங்களில் மரம் நட்டார் என்று எல்லோரும் பரீட்சையில் எழுதியிருக்கிறோம். அவருடைய ஏழாவது தூண் கல்வெட்டில் அது இருக்கிறது. மனிதருக்கும் விலங்குக்கும் நிழலுக்காக ஆலமரம் நட்டேன் என்கிறது. அதே இடத்தில் கிணறும் வெட்டினேன் என்று இருக்கிறது. கிணற்றை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா என்று ஒருவர் இருந்தார். ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே சாலையோரம் 385 ஆலமரம் வளர்த்தவர் என்று சொல்வார்கள். 2019-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 'சாலுமர' என்றாலே கன்னடத்தில் வரிசை மரம் என்று பொருள். அவரும் கணவரும் அத்தனையையும் ஒரே வருடத்தில் நடவில்லை. முதல் வருடம் பத்து, அடுத்த வருடம் பதினைந்து என்றுதான் போனார்கள். குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள், மாடு மேயாமல் இருக்க முள்வேலி கட்டினார்கள். இரண்டு பேர், வருடத்துக்குப் பத்து, பதினைந்து கன்று. உங்கள் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள்.

#6 மின்கம்பம்

நான் லைன்மேன். கிழக்குப் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கம்பிக்குக் கீழே வேம்பு, புங்கன், வாகை எதையும் வைக்காதீர்கள். வைத்தால் ஒவ்வொரு மழைக்கு முன்பும் எங்களை அனுப்பி வெட்டச் சொல்வார்கள். நாங்கள் வந்தால் அழகுபார்த்து வெட்ட நேரம் இருக்காது, நடுமண்டையைக் காலி செய்துவிட்டுப் போவோம். பிறகு 'மரத்தைக் கொன்றுவிட்டார்கள்' என்று படம் போடுவீர்கள். தப்பு நட்டவர் பக்கம்.

முழு வளர்ச்சியில் 4, 5 மீட்டருக்கு மேல் போகாத மரம் போதும். வெள்ளை மந்தாரை, பவளமல்லி மாதிரி. கம்பிக்கு நேர் கீழே இல்லாமல் முடிந்தவரை தள்ளி. தெருவிளக்குக் கம்பத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். விளக்கு இலைக்குள் எரிந்து யாருக்குப் பயன்? இரண்டு கம்பத்துக்கு நடுவில் வருகிற மாதிரி இடம் பாருங்கள்.

ஈர மரக்கிளை கம்பியைத் தொட்டால் அதில் மின்சாரம் பாயும். கம்பியைத் தொடும் கிளையை நீங்களே வெட்டலாம் என்று யாரும் ஏறிவிடாதீர்கள்.

#7 சந்தேகப்பிராணி

எல்லோரும் திட்டப் போகிறீர்கள், இருந்தாலும் கேட்கிறேன். சாலையோரம் ஏன் நட வேண்டும்? வேர் நடைபாதையைத் தூக்குகிறது, சாக்கடைக்குள் நுழைகிறது. புயலில் மரம் கார் மேல் விழுகிறது. வண்டி மோதி ஆள் சாகிறார்கள். இலை விழுந்து வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்குகிறது. இதே 200 மரத்தை ஒரு பூங்காவிலோ ஏரிக்கரையிலோ நட்டால் நிம்மதியாக வளராதா?

#8 மைல்கல்

திட்ட மாட்டேன். சாலைப் பொறியியலில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் நான் பார்த்தது.

வேகத்தை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டிகள் 80, 100 என்று பறக்கும் நெடுஞ்சாலையில் தார் ஓரத்துக்குப் பக்கத்தில் பெரிய மரம் ஆபத்துதான். அமெரிக்க நெடுஞ்சாலை வழிகாட்டி, தண்டு 10 சென்டிமீட்டருக்கு மேல் பருக்கக்கூடிய மரத்தைக் கல்தூண் கணக்கில்தான் வைக்கிறது. அங்கே மரத்தைத் தள்ளி நட வேண்டும், ஓரத்தில் முறிந்து கொடுக்கும் புதர் மட்டும் இருக்கலாம். வளைவின் வெளிப்பக்கம் வண்டி தடம் மாறி ஓடும் பக்கம், அங்கே மரம் கூடாது. உட்பக்கம் எதிரே வருவதைப் பார்க்க வேண்டிய பக்கம், அங்கே அடர்ந்த புதர் கூடாது. நிறையப் பேர் வெளிப்பக்கத்தை மட்டும் கவனித்துவிட்டு உட்பக்கத்தில் அழகாகச் செம்பருத்தி வைத்துவிடுவார்கள்.

மக்கள் நடக்கிற, வண்டி மெதுவாகப் போகிற தெரு வேறு கதை. அங்கே நிழல்தான் தேவை, நிழல் ஏரிக்கரையில் இருந்து என்ன பயன்? நடக்கிறவன் தலைமேல் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் நிழல் விழும் தளம், வெயில் விழும் தளத்தைவிட 11 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. சூட்டில் தார் சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும், நிழல் அதைத் தள்ளிப்போடும். ஆனால் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அந்த லாபம் போச்சு. தாருக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி தேங்கும் தண்ணீர். வடிகால் வாயைக் கூட்டுவதற்கு ஆள் உண்டா என்று நிழல்வழி பார்க்க வேண்டும்.

சந்திப்பு, பாதசாரி கடக்கும் இடம், வீட்டு வாசல், அறிவிப்புப் பலகை ஆகியவற்றின் முன்னால் இடம் விட்டுவிடுங்கள். இவற்றைக் கழித்தால் உங்கள் ஒரு கிலோமீட்டர் எவ்வளவு சுருங்கும் என்று ஆச்சரியப்படுவீர்கள்.

#9 சைக்கிள்காரன்

யாரும் எங்களைப் பற்றி யோசிப்பதில்லை. நாவல் மரத்தைச் சாலைக்கு மேல் நீட்டி வளர்த்தால் பழக் காலத்தில் தரை முழுக்கக் கூழ். பிரேக் பிடித்தால் சறுக்கும். நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், சட்டைக் கறை இன்னும் போகவில்லை. காகிதப்பூவை ஓரத்தில் வைத்து வெட்டாமல் விட்டால் முள் கிளை முகத்துக்கு வரும். வெட்டினாலோ முள் தரையில் கிடந்து டியூப் பஞ்சர்.

பழமரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பறவைக்கு அது வேண்டும். சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கட்டும்.

#10 துளிர்

நர்சரி வைத்திருக்கிறேன். சந்தேகப்பிராணி சொன்ன வேர் விஷயத்துக்கு மட்டும் பதில்.

வேர் வேண்டுமென்று நடைபாதையைத் தூக்குவதில்லை. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும், பக்கவாட்டில் கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும். அதற்குத் தண்ணீர் மாதிரியே காற்றும் வேண்டும். சாலையோர மண்ணை உருளை வைத்து அழுத்திவிடுகிறோம், அதற்குள் காற்றுமில்லை ஈரமுமில்லை. கல் பதித்த தளத்துக்கு அடியில் மெல்லிய இடைவெளியும் கொஞ்சம் ஈரமும் இருக்கும். வேர் அங்கே போகும், போய்ப் பருக்கும், கல் எழும்பும். குழாயும் அப்படித்தான். நல்ல குழாயை வேர் உடைப்பதில்லை, ஏற்கெனவே கசிகிற மூட்டைத் தேடிப் போய் நுழைகிறது.

ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சதுர அடிக் குழி எடுத்துச் சுற்றிலும் சிமென்ட் பூசுவதைவிட, நாலைந்து மரத்துக்குச் சேர்த்து நீளமான ஒரே பள்ளமாக மண்ணைத் தளர்த்திக் கொடுப்பது நல்லது. தளம் போட்டே ஆக வேண்டிய இடங்களுக்கு, கல்லும் மண்ணும் ஒரு விகிதத்தில் கலந்த கலவை இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவாக்கினார்கள். கல் பாரத்தைத் தாங்கும், கல் இடுக்கில் இருக்கும் மண்ணில் வேர் ஓடும். தெருக்காரர்கள் பத்துப் பேர் செய்கிற வேலை இல்லை அது, ஆனால் புதிதாக நடைபாதை போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. இலவசக் கன்று என்றால் ஜாக்கிரதை. பாலிதீன் பையில் வருடக்கணக்கில் கிடந்த கன்றாக இருந்தால் வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் நாலைந்து வருடம் நன்றாகத்தான் தெரியும். பிறகு அந்த வேரே தண்டைச் சுற்றி இறுக்கும், இல்லாவிட்டால் ஒரு காற்றில் மரம் அடியோடு சாயும். தோண்டிப் பார்த்தால் பை வடிவத்திலேயே வேர் இருக்கும். ஒரு கன்றின் பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். ஓரத்தில் லேசாகச் சுற்றியிருந்தால் பிரித்துவிடலாம், சுற்றிய நுனிகளை வெட்டலாம். கட்டையாகத் தடித்துச் சுற்றியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கிறவர் வருத்தப்பட்டால் படட்டும்.

பையோடு நடுபவர்களும் இருக்கிறார்கள். மக்கிவிடும் என்று நினைக்கிறார்கள். மக்காது.

#11 பச்சைக்கிளி

துளிர் அக்கா, குழி எவ்வளவு ஆழம்? நாங்கள் பள்ளியில் நட்டபோது மூன்றடி தோண்டினோம்.

#12 துளிர்

அகலமாகத் தோண்டுங்கள். வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம். கன்றுக்கு அடியில் மண்ணைத் தளர்த்தி ஆழமாக்கினால் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது இறங்கி, கன்றும் கூடவே இறங்கிவிடும். ஜல்லி, இடிபாடு கிடந்து ஆழமாக எடுக்க வேண்டி வந்தால் திரும்ப மண் போட்டு மிதித்து இறுக்கிய பிறகு அதன் மேல் கன்றை வையுங்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் தரை மட்டத்தில் தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் பட்டை அழுகும். சாலையோரம் செத்த நிறையக் கன்றுகளைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறேன், பாதி ஆழமாக நட்டவை.

முட்டுக்கோல் கட்டினால் இறுக்கமாகக் கட்டாதீர்கள், கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தண்டு பருக்கும். ஒரு வருடத்தில் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கயிறு தண்டுக்குள் புதைந்துபோன மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மரக்கூண்டும் அப்படித்தான், வைக்கிற நாளில் எல்லோரும் வருவார்கள், கழற்றுகிற நாளில் யாரும் இருக்க மாட்டார்கள்.

சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி.

#13 நிழல்வழி

நிறையக் கற்றுக்கொள்கிறேன். ஆனாலும் திரும்பத் திரும்ப அதே கேள்விதான் வருகிறது, மன்னிக்கவும். சீக்கிரம் வளர்வது எது? எங்கள் குழுவில் வயதானவர்கள் அதிகம். அவர்கள் காலத்தில் நிழலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். கன்று தருபவரிடம் கோனோகார்பஸ் நிறைய இருக்கிறதாம்.

#14 கடப்பாரை

கோனோகார்பஸா! வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீக்கிரம் வளரும், எப்போதும் பச்சை. அதற்காகத்தான் ஊர் ஊராக வைத்தார்கள். பிறகு வேர் குழாய்களுக்குள் போகிறது, மகரந்தத்தால் ஒவ்வாமை என்று புகார் வந்தது. குஜராத்தில் 2023-இல் நடவே கூடாது என்று அரசு தடை போட்டது.

வேகமாக வளரும் மரம் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு இடத்தில் விலை உண்டு. குல்மோகரைப் பாருங்கள். பூக்கும்போது அதற்கு ஈடில்லை, நானே நின்று பார்ப்பேன். ஆனால் வேர் மேலாக ஓடும், கிளை முறியும், பெருங்காற்றில் முதலில் விழுகிறவற்றில் அதுவும் ஒன்று. அமெரிக்காவில் பிராட்ஃபோர்ட் பேரி என்று ஒரு மரத்தை 1960-களிலிருந்து தெருத் தெருவாக வைத்தார்கள். அழகான பூ, அளவான உருவம், மளமள என்று வளர்ச்சி. கிளைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து குறுகிய கோணத்தில் கிளம்பும். பதினைந்து இருபது வருடத்தில் நடுவில் இரண்டாகப் பிளந்தது. போதாததற்குக் காட்டுக்குள்ளும் பரவியது. இப்போது ஓஹாயோ, தெற்குக் கரோலினா மாநிலங்களில் விற்கவே தடை.

பெரியவர்கள் ஆசை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. பேருந்து நிறுத்தம், ஆட்கள் நிற்கிற இடம் என்று நாலைந்து இடத்தில் மட்டும் ஆறேழு அடி வளர்ந்த நல்ல கன்றாக வாங்கி வையுங்கள். தண்ணீரில் முதல் உரிமை அதற்கு. புங்கன் அங்கே பொருத்தம். நல்ல மண்ணும் தண்ணீரும் கிடைத்தால் நாலைந்து வருடத்தில் ஆள் நிற்க நிழல் விழும். கோடையில் மொட்டையாகவும் நிற்காது.

ஒரு வேண்டுகோள். நெட்டிலிங்கத்தை 'அசோக மரம்' என்று சொல்லி யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். ஒல்லியாக ஊசி மாதிரி நிற்கும். சுவர் ஓரம் மறைப்புக்குச் சரி, நிழல் தேடி வந்தவன் அதன் பின்னால் ஒளியக்கூட முடியாது.

#15 சந்தேகப்பிராணி

சரி, அப்படியானால் 200-ம் புங்கன் என்று முடித்துவிடலாமா?

#16 கடப்பாரை

இதையும் கேட்டுவிட்டுப் போங்கள். வட அமெரிக்காவில் தெருவெல்லாம் எல்ம் மரம், இரண்டு பக்கமும் வளைந்து கோயில் மண்டபம் மாதிரி நின்றதாம். பட்டை வண்டு சுமந்து வந்த ஒரு பூஞ்சை நோய் 1930 வாக்கில் அங்கே நுழைந்தது. வரிசையில் ஒன்று செத்தால் பக்கத்து மரத்துக்கு வேர் வழியாகவே போய்விடும். தெருக்கள் மொட்டையாயின. சரி என்று பல ஊர்களில் அந்த இடத்தில் ஆஷ் மரத்தை வைத்தார்கள். 2002-இல் மிச்சிகனில் ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். மறுபடியும் மொட்டை. ஒரே தப்பை இரண்டு தடவை.

ஃபிராங்க் சாண்டமோர் என்ற மரவியலாளர் 1990-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு ஊரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் கூட்டம்) 20-க்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் (நெருங்கிய பேரினங்களின் கூட்டம்) 30-க்கு மேல் வேண்டாம். ஒரு தெருவுக்கு அதை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, ஆனால் ஐந்தாறு வகையாவது கலந்துகொள்ளுங்கள். வேம்பிலும் நுனிக்கிளை கருகும் பூஞ்சை நோய் இருக்கிறது. எந்த மரமும் 'இதற்கு ஒன்றும் வராது' என்று எழுதிக் கொடுக்கவில்லை.

உங்கள் மேற்குப் பக்கத்துக்கு என் தேர்வு: 2 மீட்டர் மண் உள்ள இடங்களில் வேம்பு, புங்கன், பூமருது. 1 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களில் மகிழம், பூவரசு. மகிழம் மெதுவாக வளரும், அடர்ந்த நிழல், பொறுமை வேண்டும். பூவரசை போத்து வெட்டி ஊன்றாமல் விதைக் கன்றாக வையுங்கள். போத்தில் ஆணிவேர் இருக்காது. 1 மீட்டருக்குக் குறைவான இடத்தில் மரமே வேண்டாம். ஆல், அரசு, புளி எல்லாம் பரந்த இடத்துக்கு உரியவை. வடிகால் ஓரத்தில் ஆலமரம் வைப்பது யானையைத் திண்ணையில் கட்டுகிற மாதிரி.

#17 நிழல்வழி

யானை உவமையை எங்கள் குழுவில் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு ஆலமரக் கன்றுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சென்டர் மீடியனுக்கு அரளி வைக்கலாமா? எங்கு பார்த்தாலும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். விஷம் என்று சிலர் பயப்படுகிறார்கள்.

#18 மைல்கல்

பயம் நியாயம்தான். இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம், இதயத் துடிப்பைக் கெடுக்கும். காய்ந்த இலையிலும் விஷம் போகாது. வெட்டிய கிளையை மாட்டுக்குப் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். ஆனால் மீடியனில் அது நிலைத்ததற்குக் காரணமும் இதுதான். ஆடு மாடு கடிக்காது, தண்ணீர் குறைந்தாலும் சாகாது, புகையையும் சூட்டையும் தாங்கும், வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பள்ளி வாசல், பூங்கா ஓரம், ஆட்கள் காத்திருக்கும் இடம் ஆகியவற்றில் வைக்க வேண்டாம். அங்கே நந்தியாவட்டை மாதிரி வேறு ஏதாவது வையுங்கள், கொஞ்சம் கூடுதல் தண்ணீர் கேட்கும்.

மீடியன் செடியின் முதல் வேலை, எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்காமல் மறைப்பது. சிறிய காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். மீடியனின் மேடையையும் சேர்த்துச் செடி ஒன்றரை மீட்டர் இருந்தால் கார்களுக்குப் போதும். ஆனால் மீடியன் இடைவெளி, ஆள் கடக்கும் இடம் வரும்போது அந்த உயரமே எமன். செடிக்குப் பின்னால் நிற்கும் குழந்தையை ஓட்டுநர் பார்க்க முடியாது. அங்கே இருபக்கமும் சில மீட்டருக்கு முழங்கால் உயரத்துக்குக் கீழே, இல்லையென்றால் வெறும் புல்.

இன்னொன்றையும் சொல்கிறேன். மீடியனில் செடி வைத்தால் அதற்குத் தண்ணீர் ஊற்றுபவர் வண்டி ஓடும் சாலைக்கு நடுவில் நிற்க வேண்டும். உங்கள் பத்துப் பேரில் வயதானவர்கள் அதிகம் என்றீர்கள். மீடியனை நிர்வாகத்திடமே விட்டுவிடுங்கள்.

#19 நிழல்வழி

இது எங்களுக்குத் தோன்றவே இல்லை. மீடியன் யோசனையைக் கைவிடுகிறோம்.

#20 மின்கம்பம்

நல்ல முடிவு.

#21 சைக்கிள்காரன்

புழுதி, புகைக்கு மரம் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்களே, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை?

#22 மைல்கல்

பாதி உண்மை. இரண்டு பக்கமும் உயரமான கட்டடம் உள்ள குறுகிய தெருவில் மரத்தலைகள் மேலே ஒன்றோடொன்று மூடிக்கொண்டால் புகை வெளியேறாமல் கீழேயே தங்கும். அப்படிப்பட்ட தெருவில் வண்டிக்கும் நடப்பவருக்கும் நடுவில் ஒரு தாழ்வான புதர்வேலி, பெரிய மரத்தைவிட உதவும். திறந்த சாலையில் இந்தக் கவலை இல்லை.

#23 கடப்பாரை

கிளை வெட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது வருடம் இந்த இழையைத் தேடி வர மாட்டீர்கள்.

சாலை மேல் நீளும் கிளைக்கு அடியில் லாரி போக இடம் வேண்டும். நாட்டுக்கு நாடு விதி வேறு, பெரும்பாலும் 4.3 முதல் 5.3 மீட்டர் வரை கேட்பார்கள். நடைபாதை மேல் 2.5 மீட்டர். இதற்காகக் கீழ்க் கிளைகளைச் சின்னதாக இருக்கும்போதே, வருடத்துக்கு ஒன்றிரண்டாக எடுத்துவிட வேண்டும். கட்டைவிரல் தடிமனில் எடுத்தால் தழும்புகூடத் தெரியாது. தொடை தடிமனுக்கு விட்டுவிட்டுக் கோடாரி போட்டால் உள்ளே அழுகும்.

அலெக்ஸ் ஷிகோ என்று அமெரிக்க வனத்துறையில் ஒருவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்தவர். மரம் நம்மைப் போலக் காயத்தை ஆற்றாது, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி உள்ளேயே அடைத்துவிட்டு மேலே புதிதாக வளரும் என்று காட்டினார். அந்தச் சுவர் சரியாக எழ வேண்டுமானால், கிளை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் மடிப்பு வளையத்தை விட்டுவிட்டு, அதற்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்டி மழமழவென்று வெட்டினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும், மரத்துக்குக் கெடுதல். தார், பெயின்ட் பூசத் தேவையில்லை.

ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்ட வருவார்கள். முதல் பலகையை அன்றைக்கே கழற்றுங்கள். விட்டால் ஒரு மாதத்தில் அந்த மரத்தில் ட்யூஷன், வாடகைக்கு வீடு, மூலம் பௌத்திரம் எல்லாம் குடியேறிவிடும்.

#24 நிழல்வழி

எங்கள் திட்டத்தைப் போடுகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

மேற்குப் பக்கம் 10 மீட்டருக்கு ஒன்று என்று போட்டால் 100 இடம் வந்தது. வாசல், சந்திப்பு, விளக்குக் கம்பம், 'டங்' சத்தம், 1 மீட்டருக்குக் குறைவான இடம் எல்லாம் கழித்தால் 42. கிழக்குப் பக்கம் கம்பியைவிட்டுத் தள்ளி நட முடிகிற இடம் 28, மந்தாரையும் பவளமல்லியும். மொத்தம் 70. இந்த வருடம் 30 மட்டும். ஒரு தடவைக்கு 600 லிட்டர், 60 வாளி, தலைக்கு ஆறு வாளி. ஒவ்வொருவருக்கும் மூன்று கன்று, அவரவர் வீட்டுக்கு எதிரே. ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது என்றும் எழுதி வைத்துவிட்டோம். அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறது. அகலப்படுத்தும் திட்டம் இல்லை என்றும் அதிலேயே எழுதி வாங்கிவிட்டோம்.

200 கன்று தருவதாகச் சொன்னவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். பையைக் கிழித்துப் பார்த்ததில் ஏழு கன்று வேர் சுற்றியிருந்தது.

#25 சந்தேகப்பிராணி

இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இப்படி எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

#26 நிழல்வழி (பதினொரு மாதம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருகிறேன். நட்ட 30-இல் 26 பிழைத்திருக்கின்றன. ஒன்றை வண்டி இடித்துவிட்டது. ஒன்றின் கூண்டு சாய்ந்து ஆடு முடித்துவிட்டது. இரண்டு காய்ந்துபோயின. அந்த இரண்டும் 'நீ ஊற்றுவாய் என்று நான் நினைத்தேன்' வகை. பேருந்து நிறுத்தத்துப் புங்கன் என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இன்னும் நிழல் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் நேற்று ஒருவர் அதன் பக்கத்தில் ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் தவணைக்குக் குழி எடுக்கத் தொடங்கியிருக்கிறோம். 17-ஆவது குழியில் ஒரு முழ ஆழத்தில் பழைய கான்கிரீட் தளம் வந்துவிட்டது. உடைத்துக்கொண்டு போகலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

#27 கடப்பாரை

26 நல்ல கணக்கு. காய்ந்த இரண்டு இடத்துக்கும் மழைக்கு முன் மறுகன்று வைத்துவிடுங்கள், பக்கத்து மரத்தோடு வளர்ச்சியில் ரொம்பப் பின்தங்கக் கூடாது.

கான்கிரீட்டை உடைக்காதீர்கள். 3 மீட்டர் தள்ளி எடுங்கள். அப்புறம், படத்தில் குழியின் வலது ஓரத்தில் சாம்பல் நிறக் குழாய் ஒன்று எட்டிப் பார்க்கிறதே, கடப்பாரையை வெளியே வைத்துவிட்டு அது யாருடைய குழாய் என்று முதலில் விசாரியுங்கள்.